பின்னுகிற கைக்கும் போடுகிற காலுக்கும்!

உங்கள் வீட்டு பீரோவின் மேல் தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். யாரோ ஆசையாகப் பின்னிக் கொடுத்த ஒரு ஸ்வெட்டரோ, குழந்தை பிறந்தபோது வந்த ஒரு உல்லன் குல்லாவோ, கைப்பிடி நீண்டு போன ஒரு பையோ அங்கே பத்திரமாக இருக்கும். பத்திரமாக என்றால்... ஒரு நாள்கூடப் போட்டுக்கொள்ளாமல், அந்துருண்டை வாசனையோடு! தூக்கிப் போட மனசு வரவில்லை, பயன்படுத்தவும் முடியவில்லை. அப்படித்தானே?

அப்படிப்பட்ட பரிசுகளை ஊருக்கெல்லாம் வாரி வழங்கியவள் நான். இருபத்தைந்து வருடங்களாகப் பின்னுகிறேன். சாக்ஸ், குல்லா, மஃப்ளர், கைப்பை, காய்கறிப் பை என்று என் கையிலிருந்து போனவற்றுக்குக் கணக்கே இல்லை. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கையால் செய்த பரிசு என்றாலே அது அன்பு, அதில் குறை சொல்லக்கூடாது என்று நாம் நினைக்கிறோம் பாருங்கள், அது தப்பு! அந்தப் பொருள் போய்ச் சேருகிற உடம்புக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்கிற உடம்புக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் அன்பே வம்பாகிவிடும்.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மாமனாரின் கால் கட்டைவிரல் சொல்லிக் கொடுத்தது.

காப்பிக்கொட்டை நிற சாக்ஸ்

எனக்குப் பின்னல் வந்தது குன்னூரில். என் வீட்டுக்காரருக்கு அங்கே மாற்றலானபோது, கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் குளிரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் செய்ய ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டில் ரிடையரான ஒரு டீச்சர் இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, நம்மோடு பேசிக்கொண்டே, ஊசியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னுவார்.

“வாம்மா, உட்காரு. இதுல ரெண்டே பின்னல்தான். ஒண்ணு நிட், இன்னொண்ணு பர்ல். மத்ததெல்லாம் இந்த ரெண்டோட குழந்தைங்கதான்” என்றார்.

முதலில் ஒரு மஃப்ளர். ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் குறுகலாக, பார்த்தால் பாம்பு மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் பாவம், வாயைத் திறக்காமல் கழுத்தில் சுற்றிக்கொண்டார். ஆறு மாதத்தில் சாக்ஸ் பின்னுகிற அளவுக்கு வந்துவிட்டேன். பிறகு கோவைக்கே திரும்பி வந்துவிட்டோம். பின்னல் ஊசிகளும் என்னோடு வந்துவிட்டன.

2011 மார்கழியில் என் மாமனாருக்கு எழுபது வயது நிறைந்தது. அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ‘கால் ஜில்லுன்னு இருக்குது கண்ணு’ என்று விடியற்காலையில் அடிக்கடி சொல்வார். சரி, பிறந்த நாளைக்கு நாமே ஒரு ஜோடி சாக்ஸ் பின்னிக் கொடுப்போம் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து பின்னினேன். நல்ல காப்பிக்கொட்டை நிறம். மேலே ரிப், பக்கத்தில் முறுக்குப் பின்னல், பார்ப்பதற்கு அவ்வளவு அழகு!

மாமாவுக்கு ஏக சந்தோஷம். வாக்கிங் போகிற இடத்தில் பேண்ட்டைத் தூக்கிக் காட்டி, “மருமக பின்னுனது” என்று சொல்லாத ஆள் இல்லை. நான்கு நாள் தொடர்ந்து போட்டுக்கொண்டார். துவைக்கக் கேட்டாலும் தரவில்லை.

ஐந்தாவது நாள் வாசலைக் கூட்டும்போது, அவர் செருப்பு விடுகிற இடத்தில் ஒரு கறை. என்னவென்று பார்த்தால், வலது கால் சாக்ஸின் நுனி ஈரமாக இருக்கிறது.

“மாமா, காலைக் காட்டுங்க.”

“ஒண்ணும் இல்ல கண்ணு. வலியே இல்லியே.”

சாக்ஸைக் கழற்றினேன். கட்டைவிரலின் ஓரத்தில் தோல் உரிந்து, ஒரு ரூபாய் காசு அளவுக்குப் புண். காப்பிக்கொட்டை நிறத்தில் ரத்தம் எங்கே தெரியப் போகிறது! நான்கு நாளும் அது உள்ளேயே உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அவருக்கோ வலி தெரியவில்லை.

டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, அந்த சாக்ஸைக் கேட்டார். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். “உங்க விரலால இந்த இடத்தைத் தடவிப் பாருங்கம்மா” என்றார். தடவினேன். விரல் முனைப் பகுதியை நான் தைத்து மூடியிருந்த இடத்தில், கயிறு மாதிரி ஒரு மேடு. அதன் ஓரத்தில், நூல் அவிழ்ந்துவிடக் கூடாதே என்று நான் போட்ட ஒரு முடிச்சு, மிளகு அளவில்!

“உங்களுக்கும் எனக்கும் இது குத்தும், கழட்டிடுவோம். இவருக்குக் குத்தறது தெரியாது. அதுதான் வித்தியாசம்” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

சர்க்கரை பல வருடம் இருந்தால் காலின் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்ச்சியை இழக்கலாம். ரத்த ஓட்டமும் குறையலாம். அதனால் புண் வந்தது தெரிவதில்லை. வந்த புண் சீக்கிரம் ஆறுவதும் இல்லை. கிருமி உள்ளே இறங்கினால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். மாமாவின் புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றும்போது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாதான் சொன்னார்: “சாக்ஸு மேல தப்பு இல்ல கண்ணு. என்ற கால் மேலதான் தப்பு.”

இல்லை. தப்பு என் மேல்தான். நான் சாக்ஸைப் பார்த்துப் பின்னினேனே தவிர, காலைப் பார்த்துப் பின்னவில்லை.

முதலில் கால், அப்புறம்தான் நூல்

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் யாருக்கும் சாக்ஸ் பின்னவில்லை. கடைசியில் மாமாதான், “ஏன் கண்ணு, அந்த ஊசியெல்லாம் துருப் புடிச்சுப் போச்சா?” என்று கேட்டார். டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு, மறுபடி ஒரு ஜோடி பின்னினேன். இந்தத் தடவை நூல் வாங்கப் போகும் முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். அப்படிக் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

காலைச் சாயங்காலத்தில் அளந்துகொள்ளுங்கள். பகல் முழுக்க நடமாடிய பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். வயதானவர்களுக்கு இது அதிகம். காலையில் அளந்து பின்னினால் சாயங்காலம் பிடிக்கும். பாதத்தின் நீளம், அகலமான இடத்தின் சுற்றளவு, கணுக்காலுக்கு மேலே சுற்றளவு - இந்த மூன்றும் வேண்டும். இரண்டு காலையும் அளக்கவேண்டும். எல்லோருக்கும் இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பதில்லை.

அடுத்தது மாதிரித் துண்டு. நாம் எல்லோரும் சோம்பல்படுகிற விஷயம் இது! அதே நூலில், அதே ஊசியில், நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் பின்னி, துவைத்துக் காய வைத்து, ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். எட்டு கண்ணி வருகிறது, பாதச் சுற்றளவு 9 அங்குலம் என்றால் 72 கண்ணி. அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, 64 கண்ணி போட்டால் நழுவாமலும் இறுக்காமலும் இருக்கும். பின்னல் துணி இழுபட்டுக் கொடுக்கும் என்பதால்தான் இப்படிக் குறைக்கிறோம். தறியில் நெய்த துணியில் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னலில் ஒரே நூல் வளைந்து வளைந்து, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியாக ஏறும். திருப்பூர் மெஷினில் வருகிற பனியன் துணியும் இதே வேலைதான். பனியன் நீண்டு கொடுக்கிறதே, அதன் ரகசியம் இதுதான்.

கடையில் ஊசி வாங்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் குழம்புவார்கள். நம் ஊர்க் கடைகளில் புழங்கும் பழைய கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8-ம் நம்பர் ஊசி 4 மில்லிமீட்டர். 14-ம் நம்பர் 2 மில்லிமீட்டர். சாக்ஸுக்கு மெல்லிய ஊசிதான் வேண்டும். தடித்த ஊசியில் சீக்கிரம் முடியும். ஆனால் உள்பக்கம் கண்ணிகள் மேடு மேடாக நின்று பாதத்தை அழுத்தும்.

விரல் முனையை மூட ஒரு முறை இருக்கிறது. மிச்சமிருக்கும் இரண்டு வரிசைக் கண்ணிகளையும் தையல் ஊசியால் கோத்துக் கோத்து, இன்னொரு பின்னல் வரிசை மாதிரியே ஆக்கிவிடுவது. மேடும் இருக்காது, முடிச்சும் இருக்காது. இதற்குக் ‘கிச்சனர் ஸ்டிச்’ என்று பெயர். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தாரே, அதே கிச்சனர் பிரபுவின் பெயர்தான். 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது அவர் பிரிட்டனின் போர் அமைச்சர். அந்தப் போரில், தண்ணீர் தேங்கிய பதுங்கு குழிகளில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்களின் கால்கள் ஈரத்தாலும் குளிராலும் மரத்து, புண்ணாகி, அழுகின. குண்டு படாமலேயே காலை இழந்தவர்கள் உண்டு. காலைத் துடைத்து உலர்த்தி, காய்ந்த சாக்ஸ் மாற்றிக்கொள்வது ராணுவ ஒழுங்காகவே ஆனது. ஊரில் இருந்த பெண்கள் குவியல் குவியலாகப் பின்னி அனுப்பினார்கள். சாக்ஸ் என்பது ஏதோ அலங்காரம் என்று நினைக்கிறோமே... அது காலுக்கு ஒரு கவசம். கவசமே குத்தினால் என்ன ஆகும்?

சர்க்கரை உள்ளவர்களுக்கு என்றால் இன்னும் சில விஷயங்கள். நிறம் வெள்ளையோ, வெளிர் நிறமோதான். கசிவோ ரத்தமோ இருந்தால் உடனே கண்ணில் படும். மேல் ரிப் காலில் தடம் பதிக்கக் கூடாது. கழற்றியதும் சுற்றிலும் கோடு தெரிந்தால் அது இறுக்கம் என்று அர்த்தம். தினமும் மாற்றவேண்டும், எனவே ஒரு ஜோடி கொடுத்தால் போதாது. மாட்டும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். கழற்றியபின் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் பாருங்களேன். ஏற்கெனவே காலில் புண்ணோ, கொப்புளமோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எந்த சாக்ஸும் வேண்டாம். என் சாக்ஸும் வேண்டாம், கடை சாக்ஸும் வேண்டாம்!

பச்சைக் குழந்தைக்கா? உள்பக்கத்தைப் பாருங்கள்!

வலி தெரியாத பெரியவர் ஒரு பக்கம் என்றால், வலித்தாலும் சொல்லத் தெரியாத குழந்தை இன்னொரு பக்கம். நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் பின்னுவதே குழந்தைக்குத்தான். சின்னதாக இருக்கும், சீக்கிரம் முடியும், பார்க்கிறவர்கள் ‘ஐயோ, எவ்வளவு க்யூட்!’ என்பார்கள்.

அந்தக் குட்டிக் காலுறையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நிறம் மாறும் இடங்களில் நூல் இழைகள் நீளமாக ஓடிக்கொண்டிருக்கும். வெட்டிய நுனிகள் தொங்கும். அந்த இழை குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். தலைமுடிகூட இப்படிச் சுற்றிக்கொள்வது உண்டு. காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால், டாக்டர்கள் காலுறையைக் கழற்றி விரல்களைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். எனவே உள்ளே நீளமான இழையே வராத ஒற்றை நிறப் பின்னல் போதும். நுனிகளைக் கண்ணிகளுக்குள்ளேயே செருகி மறைத்துவிடுங்கள்.

பட்டன், பாசிமணி எதுவும் வேண்டாம். பிய்ந்து வாய்க்குப் போனால் தொண்டையில் சிக்கும். கழுத்தில் கட்டும் நீளமான நாடாவும் வேண்டாம். குல்லாவை வெளியே போகும்போது போடட்டும். வீட்டுக்குள் தூங்கும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள். குழந்தையின் உடம்புச் சூடு தலை வழியாகவும் வெளியேறும். அதை மூடிவைத்தால் சூடு ஏறிவிடும். அதுவும் நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். சேலத்தில் சித்திரை மாதம் பிறந்த என் தங்கை பேரனுக்கு நான் உல்லனில் முழு செட் பின்னி எடுத்துக்கொண்டு போனேன் என்றால் பாருங்களேன், என் புத்தியை! “அக்கா, இதை பொம்மைக்குப் போடலாமா?” என்றாள் அவள். கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் வியர்த்தபோது, அவள் சொன்னது நியாயம் என்று புரிந்தது.

இன்னொன்று. கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் பல சமயம் கொடுப்பது அக்ரிலிக். அது செயற்கை இழை. வியர்வையை உறிஞ்சாது. தீப்பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். நம் சீதோஷ்ணத்துக்குக் கைக்குழந்தைக்கும், அடுப்படியில் பாத்திரம் பிடிக்கும் துணிக்கும் பருத்தி நூல்தான் சரி. நிஜ கம்பளி சிலருக்கு அரிக்கும். தடித்த இழைகளின் முனை தோலைக் குத்துவதால் வரும் அரிப்பு அது. கழுத்தோரமோ முழங்கையின் உள்பக்கமோ ஒரு நிமிடம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தோளை அறுக்காத பை

பைக்கு வருவோம். இதில் நம் அம்மாக்கள் நமக்கு முன்னோடிகள். பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னாத வீடு அந்தக் காலத்தில் உண்டா? சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் வைத்துப் பின்னினார்கள். அவர்கள் கூடைக்கு இருந்த நல்ல குணம் என்ன தெரியுமா? அடிப்பாகம் அகலம், கைப்பிடி தடிமன். கைப்பிடியின் உள்ளே கூடுதல் வயர் கொடுத்து உருட்டியாக முறுக்கியிருப்பார்கள். காய்கறி, தேங்காய் எல்லாம் போட்டுத் தூக்கினாலும் விரலை அறுக்காது.

நான் முதலில் பின்னிய நூல் பை அப்படி இல்லை. பார்க்க அழகான வலைப் பை. கைப்பிடி ஒரு விரல் அகலம். என் அத்தை அதை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போனார். போகும்போது இடுப்பு வரை இருந்த பை, தக்காளியும் பூசணியும் போட்டபின் முழங்காலைத் தொட்டதாம்! வீட்டுக்கு வந்தபோது அவர் தோளில் சிவப்பாக ஒரு கோடு. பின்னல் இழுபடும் என்ற அதே குணம், சாக்ஸில் வரம், பையில் சாபம்.

பைக்குத் தடித்த பருத்தி நூல் எடுங்கள். இறுக்கமாகப் பின்னுங்கள். உள்ளே ஒரு துணி உறை தைத்துக் கொடுங்கள். பாரத்தைத் துணி தாங்கட்டும், பின்னல் அழகுக்கு இருக்கட்டும். கைப்பிடி மூன்று விரல் அகலமாவது வேண்டும். உள்பக்கம் பட்டையான நாடா வைத்துத் தைத்துவிட்டால் நீளாது. முக்கியமாக, பையைச் சின்னதாகச் செய்யுங்கள்! பெரிய பை கொடுத்தால் நம் பெண்கள் வாய் வரை நிரப்பித்தான் தூக்குவார்கள். ஒரே தோளில் எட்டு கிலோ தூக்குவதைவிட, இரண்டு கையில் நாலு நாலு கிலோ தூக்குவது கழுத்துக்கும் முதுகுக்கும் நல்லது. ஒன்றுக்கு இரண்டு சின்னப் பையாகப் பின்னிக் கொடுங்களேன்.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. கையால் செய்த பைக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால், தினமும் தூக்குகிற மாதிரி இருந்தால்தான் அது பை. ஆணியில் மாட்டி வைத்தால் அது வெறும் படம்!

என் கை கேட்ட கேள்வி

இதுவரை போய்ச் சேருகிற உடம்பைப் பற்றிச் சொன்னேன். செய்கிற உடம்பைப் பற்றிச் சொல்லவேண்டாமா?

பின்னல் மனசுக்கு இதம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2013-ல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை இதழ் ஒன்றில் வந்த ஓர் ஆய்வில், பின்னுகிற 3,545 பேரைக் கேட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்களே மனம் அமைதியாகவும் சந்தோஷமாகவும் இருப்பதாக அதிகம் சொன்னார்கள். பின்னல் பிடித்தவர்களையே கேட்டால் வேறு என்ன சொல்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மாமாவுக்குக் கட்டு மாற்றிய காலத்தில், தூக்கம் வராத ராத்திரிகளில், யாருக்கென்றும் இல்லாமல் வெறும் சதுரமாகப் பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு உதவியது. அவ்வளவு உறுதியாகச் சொல்வேன்.

அதே பின்னல் எனக்கு உபத்திரவமும் ஆயிற்று. ஒரு வருடம் நவராத்திரிக்கு முன்னால் நெருங்கிய சொந்தத்தில் ஒருவர், “கொலுவுக்கு வர்றவங்களுக்கு வெத்தலை பாக்கோட கொடுக்க 40 சின்னப் பை பின்னித் தாயேன். உனக்கு இது சும்மா பொழுதுபோக்குதானே!” என்றார். நானும் பெருமையில் தலையாட்டிவிட்டேன். ஒரு பைக்கு நாலு மணி நேரம். நாற்பது பைக்கு 160 மணி நேரம். கையில் இருந்தது ஒரே மாதம். அதாவது தினமும் ஐந்து மணி நேரத்துக்கு மேல்! சமையல், வீட்டு வேலை எல்லாம் முடித்து, ராத்திரி ஒரு மணி வரை பின்னினேன்.

மூன்றாவது வாரத்தில் நடுராத்திரி விழிப்பு வந்தது. வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், எறும்பு ஊர்கிற மாதிரி. கையை உதறினால் சரியாகும், மறுபடி வரும். தோசைக் கரண்டி கை நழுவிற்று. டாக்டர் விளக்கினார்: மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. அதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. ஓயாமல் ஒரே வேலையைச் செய்து, உள்ளே வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. அதனால் அது மட்டும் தப்பிக்கும். ஆறு வாரம் பின்னலுக்கு லீவு. ராத்திரியில் மணிக்கட்டுக்குப் பட்டை. ஆரம்பத்திலேயே போனதால் அத்தோடு போயிற்று. விட்டிருந்தால் ஆபரேஷன் வரை போயிருக்கலாம் என்றார்.

இருபத்தெட்டு பைகளோடு நிறுத்திவிட்டேன். சொந்தக்காரருக்கு வருத்தம். எனக்கோ நிம்மதி!

அன்றிலிருந்து சில கட்டுப்பாடுகள். அரை மணிக்கு ஒரு தடவை ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, விரல்களை நீட்டி மடக்குவது. மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்துக்கொள்வது. முழங்கைக்குத் தலையணை கொடுப்பது. பெரிய வேலையென்றால் நடுவில் வயர் உள்ள வட்ட ஊசியில் போட்டு, பாரத்தை மடியில் விடுவது. வெளிச்சம் பின்பக்கத்திலிருந்து வரும்படி உட்காருவது. கறுப்பு நூலை ராத்திரியில் தொடாமலிருப்பது. மரத்துப்போதலோ, கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலியோ சில நாளில் போகாவிட்டால், தைலம் தேய்த்துத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்ப்பது.

எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு கட்டுப்பாடு. ‘முடியாது’ என்று சொல்வது. ஒரு காலுக்கான சாக்ஸில் மட்டும் பத்தாயிரம் கண்ணிகளுக்கு மேல் போகும். ஒவ்வொன்றும் ஒரு விரல் அசைவு. அதை ‘சும்மா’ என்று சொல்கிறவர்களுக்கு நம் நேரத்தின் மதிப்பு தெரியவில்லை என்றால், நாமும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கை யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கிற பொதுக் குழாய் இல்லையே!

கடையில் வாங்கினால் போதாதா?

‘இவ்வளவு தொல்லை எதற்கு? கடையில் நல்ல சாக்ஸ் கிடைக்கிறதே’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். பத்தில் எட்டு பேருக்குக் கடை சாக்ஸே போதும். மெஷின் பின்னல் மெல்லியது, சீரானது. சர்க்கரை உள்ளவர்களுக்கென்று மேடில்லாத சாக்ஸும் கிடைக்கிறது. அவர்களுக்கு நான் இப்போதெல்லாம் பின்னுவதில்லை; வாங்கித்தான் கொடுக்கிறேன்.

மிச்சம் இரண்டு பேருக்கு? எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கடை சாக்ஸ் போட்டால் விரல் இல்லாத இடத்தில் துணி மடிந்து சுருண்டு, செருப்புக்குள் அழுத்தும். அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அந்தக் கால் எப்படி இருக்கிறதோ அப்படியே காகிதத்தில் வரைந்துகொண்டு வந்து, மெல்லிய வெள்ளைப் பருத்தி நூலில் பின்னினேன். வலது கால் ஒரு மாதிரி, இடது கால் ஒரு மாதிரி. மூன்று தடவை பிரித்துப் பிரித்துப் பின்ன வேண்டியிருந்தது. போட்டுக்கொண்டு நாலு அடி நடந்து பார்த்தார். “மடியலீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தை போதும்.

கைவேலைக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. மெஷின் எல்லோருக்கும் செய்யும். நம் கை ஒருவருக்காக மட்டும் செய்யும். அந்த ஒருவரைப் பார்க்காமல், படத்தில் இருக்கிற மாதிரி பின்னிக் கொடுத்தால், மெஷின் செய்வதையே மட்டமாகச் செய்கிறோம் என்றுதான் அர்த்தம்.

எனவே அடுத்த தடவை யாருக்காவது பின்னிக் கொடுக்க ஆசைப்பட்டால், முதலில் அவர்களைக் கேளுங்கள்: ‘உங்களுக்கு எது உதவும்?’ திடீர் சந்தோஷம் போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள். பீரோவின் மேல் தட்டுக்குப் போவதைவிட அது மேல். கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் என்ன நூல், எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கட்டியாகிவிடும். வாங்கியவருக்கு அது எப்படித் தெரியும்? கொடுத்தபின், ‘போட்டீர்களா, போட்டீர்களா?’ என்று கேட்டு உயிரை எடுக்காதீர்கள். ‘எங்கேயாவது பிடிக்கிறதா, குத்துகிறதா?’ என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

என் மாமனார் 2020-ல், 79-வது வயதில், வேறு ஒரு நோயில் காலமானார். அதுவரை தினமும் காலையில் சாக்ஸை எடுத்து, உள்ளே கையை விட்டு, நுனி வரை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். “சோதனை பண்ணிட்டேன் கண்ணு, பாஸ்!” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். கடைசி வரை பத்து விரல்களோடுதான் நடந்தார்.

உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் யாராவது சாக்ஸ் போடுகிறாரா? கடையில் வாங்கியதோ, நீங்கள் பின்னியதோ... இன்றைக்கு ராத்திரி அதை உள்பக்கம் திருப்பி, உங்கள் விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். அப்படியே அவர் காலையும் பார்த்துவிடுங்கள்.